சத்தம் நின்ற இடம்

என் அம்மா ஒரு படத்தில்கூட நடித்ததில்லை. ஆனால் அவள் நடந்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. கதாநாயகி கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போகிறாளே, அந்தச் சத்தம் அம்மாவுடையது. வில்லன் பூட்ஸ் காலோடு வராந்தாவில் வருகிறானே, அதுவும் அவள்தான். ஒரு படத்தில் குதிரையாகக்கூட ஓடியிருக்கிறாள். படப்பிடிப்பில் வசனத்தைப் பிடிக்கத்தான் மைக் வைப்பார்கள். காலடி, துணியின் சரசரப்பு, தம்ளர் வைக்கும் சத்தம் எல்லாம் அதில் சரியாக விழாது. பிறகு ஸ்டுடியோவில் ஒருத்தர் திரையைப் பார்த்துக்கொண்டே அதையெல்லாம் செய்து தர வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு எஃபெக்ட்ஸ் என்று பெயர். இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். அந்த ஆள் இல்லாமல் ஒரு படத்தை ஒருமுறை பாருங்கள், எல்லோரும் பேய் மாதிரி மிதந்துகொண்டிருப்பார்கள்.

நான் இயக்குநர். அடுத்தவர் படங்களில் உதவியாளராக வருஷக்கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, இப்போதுதான் என் முதல் படத்தை எடுத்து முடித்தேன். ஒரு அம்மா, ஒரு மகள், அவ்வளவுதான் கதை. கதைக்காக நான் எங்கேயும் அலையவில்லை, வீட்டிலேயே இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா பொண்ணு கதையா? பாட்டு இருக்கா?"

"இல்ல."

"சண்டை?"

"அதுவும் இல்ல."

"அப்ப எவன் வருவான் பாக்க?" என்றாள். அத்தோடு விஷயம் முடிந்தது. யாருடைய அம்மா, யாருடைய மகள் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எதையும் கேட்கிற பழக்கம் இல்லை. கோபம் வந்தால் கத்துவோம், பசித்தால் சாப்பிடுவோம், நடுவில் உள்ளதெல்லாம் அப்படியே கிடக்கும்.

அந்தக் கதை என்ன என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா எங்களை விட்டுவிட்டு வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு வேறொரு ஊரில், சினிமா ஸ்டுடியோ ஒன்றின் தையல் பிரிவில் பட்டன் தைக்கிற வேலை கிடைத்தது. தங்குவதற்கு ஒரே அறையில் பல பெண்கள், குழந்தைகளுக்கு இடமில்லை. அதனால் என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுப் போனாள். திரும்ப வந்து கூட்டிக்கொண்டு போகும்போது நான் அவள் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தேன். அதற்குள் அவள் பட்டன் தைப்பதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். எஃபெக்ட்ஸ் செய்கிறவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட, 'நீ கொஞ்சம் நட' என்று யாரோ இழுத்துவிட்டார்களாம்.

விட்டுப்போன நாள்தான் என் படத்தின் உயிர். நான் பின்னால் ஓடி வந்துவிடுவேன் என்று என்னைப் பின்னறையில் உட்காரவைத்து வெளியே தாழ் போட்டார்கள். ஜன்னல் உயரத்தில் இருந்தது. நான் கதவை உதைத்து ஊரைக் கூட்டி அழுதேன். அம்மாவின் ரப்பர் செருப்புச் சத்தம் நடையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, அறைச் சுவரை ஒட்டிப்போகிற சிமெண்ட் பாதையில் இறங்கியது. பாதையின் கடைசியில் எப்போதும் திறந்தே கிடக்கும் கேட். சத்தம் அதுவரை போகவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது.

நான் அழுகையை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தேன். சத்தமே இல்லை. அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், எனக்காக நிற்கிறாள் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேனோ, பெரியம்மா வந்து தாழைத் திறந்தபோது பாதையில் யாரும் இல்லை.

அந்த நிற்றலை வைத்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். பெரியம்மா பிள்ளைகள் 'உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டா' என்று சீண்டும்போதெல்லாம், 'எங்கம்மா நின்னா, தெரியுமா? நின்னுட்டுத்தான் போனா' என்று சண்டைக்குப் போவேன். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. எனக்கு அது போதும். பிற்பாடு அம்மாவோடு எத்தனையோ சண்டை. அவள் என் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை, என் காய்ச்சலில் பக்கத்தில் இருந்ததில்லை, எப்போதும் எவளுக்காவது நடந்துகொண்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் வாய்வரை வரும், 'என்னை விட்டுட்டுப் போனவதானே நீ' என்று. சொல்ல மாட்டேன். நின்றாளே என்று விழுங்கிவிடுவேன்.

படத்தை அந்த இடத்தில்தான் கொண்டுபோய் முடித்திருந்தேன். கேமரா அறைக்குள்ளேயே இருக்கும். அம்மாவாக நடித்தவரை அந்தக் காட்சியில் காட்டவே இல்லை. மூடிய கதவு, சிறுமியின் முகம், வெளியே போகிற காலடி. காலடி நிற்கும். சிறுமி அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவாள். அந்த முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று படம் முடிகிறது. அந்தக் குழந்தைக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா நின்னுட்டாங்கன்னு நினைச்சுக்கோ." அந்தப் பிஞ்சு தலையைத் தூக்கிய தூக்கில் படப்பிடிப்பில் எல்லோரும் அவரவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்த நிற்றலை அம்மாவின் காலே செய்து தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாயால் ஒருநாளும் சொல்லாததை அவள் காலாலாவது சொல்லட்டும் என்பதுதான் எண்ணம். அதை ஒரு முறை பதிவு செய்து கையில் வைத்துக்கொண்டால் எனக்கு அவளோடு உள்ள கணக்கெல்லாம் தீர்ந்துவிடும். இதற்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்தேனோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

அம்மா வேலை செய்கிற ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்கிறவரை எல்லோரும் வாயாடி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மைக்கை இயக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் வாய் ஓயாது. நான் சின்னப் பிள்ளையாக இந்த ஸ்டுடியோவின் நாற்காலிகளில் தூங்கி விழுந்த காலத்திலிருந்து அவருக்கு என்னைத் தெரியும். இப்போது கிண்டலுக்காக 'டைரக்டரம்மா' என்கிறார். கண்ணாடி போட்ட அறைக்குள் அவரும் நானும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டான ஹாலில் பெரிய திரை, தரையில் சதுரம் சதுரமாக மணல், ஜல்லி, மரப்பலகை, ஓடு, சிமெண்ட். சுவரோரம் ஒரு பெட்டி நிறையச் செருப்பும் பூட்ஸும். நடுவில் அம்மா, திரையை முறைத்துக்கொண்டு.

ஆரம்ப நாட்கள் அமர்க்களமாகப் போயின. அம்மா வேலையும் செய்தாள், என் படத்தைக் கிழிகிழியென்று கிழிக்கவும் செய்தாள்.

"இவ ஏன் எப்பப் பாத்தாலும் ஜன்னல்கிட்டயே நிக்கிறா? வீட்ல வேலை கீலை ஒண்ணும் இல்லையா?"

"அவ சோகமா இருக்கான்னு அர்த்தம்மா."

"சோகமா இருக்கறவ பாத்திரம் கழுவ மாட்டாளா?"

வாயாடி அண்ணன் மேஜையில் அடித்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த காட்சியில் அந்த நடிகை எழுந்து சமையலறைக்குப் போனபோது, அம்மா அவளுக்குக் கொடுத்த நடையைக் கேட்டு நான் ஆடிப்போனேன். வலது காலைக் கொஞ்சம் இழுத்து, குதிகாலை முதலில் வைத்து, எதையோ மறந்து திரும்பப் போகிறவள் மாதிரி ஒரு தயக்கம் வைத்து. அது எங்கள் வீட்டு நடை. படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா எழுந்துவிட்டாள் என்று நான் தெரிந்துகொள்கிற நடை. கதை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அடுத்த காட்சிக்குச் செருப்பு தேடினாள், நான் கையிலிருந்த தாளைப் புரட்டினேன்.

கடைசிக் காட்சி வந்தது. அம்மா முதலில் ஒருமுறை வெறுமனே பார்க்கிறேன் என்றாள். ஓட்டிக் காட்டினோம். சிறுமி கதவை உதைத்தாள், அழுதாள், தலையைத் தூக்கினாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

நான் மைக்கில் சொன்னேன். "அம்மா, ரப்பர் செருப்பு. மொதல்ல உள்ள நடை, அப்புறம் சிமெண்ட். பாதி வழியில நிக்கணும். குழந்தை தலையைத் தூக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பட்டுனு நிறுத்திடாதே, நிக்கலாமா வேணாமான்னு நின்னா போதும்."

பெட்டியில் தேடி ஒரு ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஓட்டினோம். அம்மா இருந்த இடத்திலேயே நடந்தாள். சத்தத்தைத் தூரமாக்குவது வாயாடி அண்ணன் கையில் இருக்கிறது. அப்படியே என் காதில் இருந்த அதே செருப்பு. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. நடையைத் தாண்டியது, சிமெண்டில் இறங்கியது, பாதி வழி வந்தது. நிற்கவில்லை. சரசரவென்று போய்க்கொண்டே இருந்தது. சிறுமி தலையைத் தூக்கினாள், செருப்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் போயே போய்விட்டது.

"அக்கா, அங்க நிக்கணும்க்கா" என்றார் வாயாடி அண்ணன்.

"தெரியும். இன்னொரு தடவை போடு."

இன்னொரு தடவை போட்டோம். மறுபடியும் நிற்கவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே. இந்தத் தொழிலில் என் அம்மாவை யாரும் இரண்டாவது முறை நடக்கச் சொன்னதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எழுந்து ஹாலுக்குள் போனேன்.

"என்னம்மா வேணும் உனக்கு? நிக்கணும்னு சொன்னேன்ல?"

"அவ நிக்க மாட்டா."

"யாரு?"

"இவதான். இந்தப் பிள்ளையோட அம்மா."

"என் படம் அது. நான் சொல்றேன், நிக்கிறா."

"உன் படம்தான், யாரு இல்லன்னா? ஆனா நின்னா அவளால போக முடியாதுடி. கதை தப்பு."

கதை தப்பாம். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. இத்தனை வருஷம் வாய்வரை வந்து விழுங்கியதெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. "கதையில்ல அது! நீ நின்னே! எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னாடி நான்தான் இருந்தேன். என் ரெண்டு காதால கேட்டேன். பாதி வழி வரைக்கும் உன் செருப்பு வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு. நீ எனக்காக நின்னே. அதையாவது ஒத்துக்கயேன். அது ஒண்ணைத்தான் நான் உங்கிட்ட கேக்கறேன்!"

கண்ணாடிக்குப் பின்னால் வாயாடி அண்ணன் கைகளை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ரொம்ப நாளாகத் தேடிய எதையோ வேறு யார் கையிலோ பார்த்தவள் மாதிரி இருந்தாள்.

"செருப்புச் சத்தம் நின்னுச்சா?" என்றாள்.

"நின்னுச்சு."

செருப்புப் பெட்டியின் மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்தாள். "கழட்டிட்டேன்டி" என்றாள். "அதைப் போட்டுக்கிட்டு ஓட முடியலை. ரப்பர் செருப்பு வழுக்கிக்கிட்டே வந்துச்சு. கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு வெறுங்காலோட ஓடினேன். தெரு முனை வரைக்கும் ஓடினேன். வெறுங்காலு சத்தம் கதவுக்குப் பின்னாடி உனக்கு எங்க கேக்கப் போகுது?"

எனக்கு அது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் கேட்டது சத்தத்தை மட்டும். அதற்கான படத்தை நானே மனசுக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன், ஆறு வயதில். சத்தத்தை வைத்துப் பிழைக்கிற வீட்டில் வளர்ந்தவள், சத்தம் இல்லாவிட்டால் ஆள் நிற்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன், அதை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

"அப்ப நீ நிக்கவே இல்லியா?"

"இல்ல."

"கொஞ்ச நேரம்கூட?"

"இல்ல பாப்பா."

பாப்பா என்று அவள் என்னைக் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. அந்த நேரத்தில் எனக்கு அது எரிச்சலைத்தான் தந்தது. "பொய்யாவது சொல்லக் கூடாதாம்மா? நின்னேன்னு சொன்னா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "நின்னா என்ன அர்த்தம்னு யோசிச்சியா நீ? சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி நிக்கிறா. அந்தப் பக்கம் பெத்த பிள்ளை கதவை உதைச்சுக்கிட்டு அழுவுது. இவ நின்னு முழுசாக் கேக்கறா. கேட்டு முடிச்சுட்டு அப்புறம் கிளம்பிப் போறா. அவ மனுஷியா? அந்த மாதிரி ஒருத்தியையா இத்தனை நாளா நான்னு நினைச்சு மனசுல வச்சிருந்தே?"

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன்.

ஸ்டுடியோவின் நடைவழியில் டீ மெஷின் ஒன்று உண்டு. ஒரு தம்ளர் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். கீழே மதிய வெயிலில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாகப் போய்க்கொண்டிருந்தன. என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டுவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகையாக வந்தது. நன்றாகவே அழுதேன், மறைப்பானேன். என் படம் போச்சு என்று அழுதேனா, என் அம்மா போச்சு என்று அழுதேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாயாடி அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். தனக்கும் ஒரு தம்ளர் பிடித்துக்கொண்டார். பிறகு, "படத்துக்குன்னு பாத்தா ஒரு கஷ்டமும் இல்லம்மா" என்றார். "செருப்பு நின்னதும் அப்படியே விட்டுட்டா, பாக்கறவங்களுக்கு அவ நின்ன மாதிரி. பின்னாடி லேசா வெறுங்காலு ஓட்டம் வச்சா, ஓடின மாதிரி. குழந்தை மூஞ்சி ரெண்டுக்கும் பொருந்தும். அக்காகிட்ட செருப்பு நிக்கிற வரைக்கும் வாங்கிட்டு விட்டுடலாம். யாருக்கும் தெரியப் போறதில்ல. நீங்கதான் சொல்லணும்."

உண்மைதான். யாருக்கும் தெரியப்போவதில்லை. நின்றவளை நான் வைத்துக்கொள்ளலாம், படமும் அழகாக முடியும். எனக்கு நப்பாசை இல்லாமல் இல்லை. ஆனால் அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு அந்தப் பெண்ணைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. இதுவரை நான் அறைக்குள்ளிருந்துதான் அவளைக் கேட்டிருக்கிறேன். இப்போது பாதையிலிருந்து பார்த்தேன். நிற்கிறாள். கேட்கிறாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டதும் நல்லவேளை என்று கிளம்புகிறாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஓடினவளைப் பிடித்ததா என்றால், அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. அவளை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"வெறுங்காலும் எடுத்துடலாம்" என்றேன், யாரையும் பார்க்காமல்.

அம்மா தலையாட்டினாள். முதலில் செருப்பு. நடையைத் தாண்டி, சிமெண்டில் இறங்கி, பாதி வழியில் சத்தம் நின்றது. இந்தமுறை ஒரே தடவையில் முடித்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சிமெண்ட் சதுரத்தில் ஏறி நின்றாள். ஓட்டினோம். இருந்த இடத்தில் ஓட முழங்காலைத் தூக்கியவள், தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு மூட்டு வீக்கம். நடப்பாள், படியேறுவாள், ஓட முடியாது. இன்னொருமுறை முயன்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அதற்கடுத்த முறையும் முயன்றாள். நொண்டுகிற சத்தம்தான் வந்தது.

"விடுங்கக்கா. நாளைக்கு வேற ஆளைக் கூப்பிட்டு எடுத்துக்கலாம்" என்றார் வாயாடி அண்ணன்.

"இதுக்கு எவளோ ஒருத்தி வந்து ஓடுவாளா?" என்று அவர்மேல் பாய்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஓடு" என்றாள்.

"நானா?"

"பின்ன? இந்தத் தரையிலதானே விளையாடிக் கெடந்தே. மறந்தா போயிடும்?"

மறக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு என் விடுமுறையெல்லாம் இந்த மணலிலும் பலகையிலும்தான் கழிந்தது. படங்களில் ஓடிய குழந்தைகளில் பாதிப் பேர் நான்தான். ஷூவைக் கழற்றினேன். சிமெண்ட் ஜில்லென்று இருந்தது. அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், கண்ணாடி அறைக்குள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. திரையில் படம் வந்தது. இந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! எழுதும்போது, எடுக்கும்போது, வெட்டும்போது. ஒவ்வொரு முறையும் நான் அந்தக் குழந்தையாகத்தான் இருந்து பார்த்திருக்கிறேன். செருப்புச் சத்தம் போயிற்று, நின்றது. என் முறை. ஓட ஆரம்பித்தேன். முன்பாதத்தால், லேசாக, குதி தரையில் படாமல்.

குழந்தை அழுகையை நிறுத்தியது. தலையைத் தூக்கியது. அடடா, அந்த முகம். அம்மா நின்றுவிட்டாள் என்று நம்புகிற முகம். நான்தான் அதை நம்பச் சொல்லிக்கொடுத்தவள். அது அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது, நான் இங்கே சத்தம் வராமல் அதை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறேன். என் பக்கம் திரும்பிய கன்னத்தில் கண்ணீர் காயாமல் இருந்தது. ஒரு தாவலில் போய் அந்தக் கதவைத் திறந்துவிடலாம் போலிருந்தது. என் கால்கள் என்னைக் கேட்காமலே தளர்ந்தன. ஓட்டம் நடையாயிற்று. நிற்கப்போனேன்.

"நிக்காதே!"

ஹாலின் ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வெடித்தது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி அறையிலிருந்து மைக்கில் பேசினால் எல்லாம் பாழ். வாழ்நாளெல்லாம் ஒரு டேக்கைக் கெடுக்காதவள், இதை அடியோடு கெடுத்துக்கொண்டு கத்தினாள்.

"நிக்காதேடி! நின்னா திரும்பிடுவே. திரும்பினா ரெண்டு பேருக்கும் சோறு இல்ல. அவளைப் பாக்காதே, ஓடு! அழுதுக்கிட்டே ஓடு, பரவாயில்ல, ஓடு!"

நான் ஓடினேன். அழுதுகொண்டே ஓடினேன். வாயாடி அண்ணன் பதிவை நிறுத்தவில்லை. ஸ்பீக்கர் வழியாக அம்மா மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது, அவளும் கூடவே ஓடுகிறவள் மாதிரி. படம் முடிந்து திரை கறுத்தது. அம்மா நிற்கச் சொல்லவில்லை, நானும் நிற்கவில்லை.